இதமாக இருந்தது

பெற்ற மகளைத் திட்ட ஒரு வார்த்தை அகப்படாமல், விமர்சகர் திங்கட்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. தச்சன் செய்த பிழையல்ல, அவரே ரம்பம் வைத்து அறுத்தது. அச்சகத்தின் மாடியில் இருந்த அந்த ஒற்றை அறையிலிருந்து மூன்று சங்கீதப் பத்திரிகைகள் வெளிவந்தன. மூன்றுக்கும் ஆசிரியர் ஒருவர், தட்டச்சுக்காரர் ஒருவர், விமர்சகர் ஒருவர். சாஸ்திரிய சங்கீதத்துக்கான ‘சுத்த சுரம்’ பத்திரிகைக்கு ஜன்னலோர மர நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, ‘நிதானி’ என்ற பெயரில் எழுதுவார். சினிமாப் பாட்டுக்கான ‘தேன்துளி’ என்றால் பஞ்சு பிதுங்கும் சோபாவில் சாய்ந்துகொண்டு ‘பட்டாம்பூச்சி’ ஆகிவிடுவார். கறுப்புச் சட்டையும் மின்சார கிதாருமாக அலறுகிற இளவட்டங்களுக்கான ‘தகரம்’ பத்திரிகைக்குத்தான் இந்த ஸ்டூல். கால் மணி நேரம் அதில் ஆடினால் எப்பேர்ப்பட்ட சாதுவுக்கும் யாரையாவது கடிக்கத் தோன்றும். அதில் உட்கார்ந்துவிட்டால் அவர் பெயர் ‘தேள்’.

மூன்று பத்திரிகைகளும் ஒரே எந்திரத்தில் அச்சாகி ஒரே மாடிப்படி வழியாக இறங்கிப் போனாலும், தெருவுக்குப் போன பிறகு ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாது. சுத்த சுரம் கனத்த காகிதம். அதன் வாசகர்கள் வருஷா வருஷம் பைண்டு செய்து வைப்பவர்கள். கையில் சிவப்புப் பென்சில் இல்லாமல் முதல் பக்கத்தைக்கூடத் திறக்க மாட்டார்கள். கச்சேரிக்குப் போகும்போது போன மாத விமர்சனத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள், வித்வான் விமர்சனத்துக்கு ஒத்துவரப் பாடுகிறாரா என்று சரிபார்க்க. அவர்களிடம் ஒரு பாடகரைத் தீர்த்துக்கட்ட வேண்டுமானால் ‘பக்கவாத்தியம் வெகு சிறப்பு’ என்று ஒரு வரி போதும். நிதானி ஒருமுறை ‘அரங்கின் நாற்காலிகள் வசதியாக இருந்தன’ என்று எழுதப்போக, அன்று பாடியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு போய்விட்டார். தேன்துளி பளபளப்பான ஒல்லிக் காகிதம். நடுப்பக்கத்தை யாராவது கிழித்துக்கொண்ட பிறகுதான் அடுத்தவர் கைக்கு வரும். அதில் ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைவாக எந்தப் பாட்டும் வாங்கியதில்லை. ஒரு வாரம் அச்சில் ஒரு நட்சத்திரம் உதிர்ந்து நாலாகிவிட்டது. வாசகிகள் நாற்பது பேர் தாளில் நட்சத்திரம் வெட்டி, பின்னால் பசை தடவி, தபாலில் அனுப்பிவைத்தார்கள்.

தகரம் பழுப்புக் காகிதம், மை விரலில் ஒட்ட வேண்டும். எந்திரம் ஒருமுறை தப்பித்தவறிச் சுத்தமாக ஓடி எழுத்தெல்லாம் தெளிவாக விழுந்துவிட, கடைகளிலிருந்து அத்தனை பிரதியும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அச்சான தாளைக் கட்டைவிரலால் தேய்ப்பதற்கென்றே கீழே ஓர் ஆள் இருக்கிறார். அவருக்குக் கட்டைவிரலில் ரேகை கிடையாது. எந்தக் குழுவையாவது பாராட்டினால் இதன் வாசகர்களுக்குக் கோபம் வந்துவிடும். தேள் திட்ட வேண்டும். ‘பாத்திரக் கடையில் யானைக்குப் பிரசவம் ஆனதுபோல்’ என்று தேள் எழுதிய குழுவை ஜனம் தோளில் தூக்கிக்கொண்டு போனது. ‘வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து போய்விட்டது’ என்று வாங்கிக் கட்டிக்கொண்ட குழுவினர் அந்த வரியைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டதோடு, அந்த நாயையும் தேடிப் பிடித்து வளர்த்தார்கள். புதுக் குழுக்காரர்கள் தெருவில் சந்தித்தால் நலம் விசாரிப்பதில்லை. “தேள் கொட்டிச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

மகளின் குழுவைத் தேள் இன்னும் கொட்டவில்லை. மூன்று பையன்களும் அவளும் சேர்ந்த குழு அது. அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்ததால் ‘கடவாய்ப்பல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பையன்கள் வாசிப்பார்கள், அவள் அலறுவாள். அலறுவதற்கும் சாதகம் வேண்டும். மாடி வீட்டுத் தையல்காரர் இரண்டு முறை வந்து ‘வீட்ல யாருக்காவது ஏதாவது ஆச்சா’ என்று விசாரித்துவிட்டுப் போனதிலிருந்து, அவள் போர்வை அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தாள்.

“அலமாரியத் தொறந்துடாதீங்க, உள்ள உங்க பொண்ணு இருக்கா” என்பாள் மனைவி, அவர் துண்டு தேடி வரும்போது.

கொஞ்ச நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து மகள் வெளியே வருவாள். “அப்பா, அந்தத் தேள் உங்க ஆபீஸ்லதான இருக்காரு. ஒரே ஒரு தடவ எங்க நிகழ்ச்சிக்கு வரச் சொல்லேன். நாலு வார்த்த நல்லாத் திட்டினாப் போதும், நாங்க பொழச்சுக்குவோம்.”

“அந்தாளு ஆபீசுக்கே வர்றதில்லம்மா. எழுதித் தபால்ல அனுப்பிடுறாரு.”

“எப்படி இருப்பாரு?”

“யாரு கண்டா. ஒல்லியா இருப்பாருன்னு கேள்வி” என்று சொல்லி, விமர்சகர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

அவர்தான் தேள் என்பது ஆசிரியருக்கும் தட்டச்சுக்காரருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். எழுத ஆரம்பித்தபோது மகளுக்குப் பத்து வயது. அப்பா எழுதியது என்று குழந்தையிடம் காட்டக்கூடிய பாஷையாக அது இருக்கவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அதற்குள் அவள் தேளின் பரம பக்தையாகிவிட்டாள். பக்தையிடம் போய் நான்தான் சாமி என்று எப்படிச் சொல்வது?

கடைசியில், முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். பழைய டயர் கிடங்கு ஒன்றில் மத்தியானம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. பக்கத்தில் மகப்பேறு மருத்துவமனை இருந்ததால் ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மகளுக்குத் தெரியாமல் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார். டிரம்மர் அடிக்க ஆரம்பித்ததும் சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரம் கழன்று விழுந்தது. பிறகு மகள் வாயைத் திறந்தாள்.

அவருக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. போன வருஷம் பல்வலி என்று அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போயிருந்தார். மாடிப்படி ஏறும்போதே மேலே ஒருவர் சத்தம் போடுவது கேட்டது. நேரம் கொடுத்துவிட்டுக் காக்க வைத்தார்களாம். சட்டை கசங்காத மனிதர், விரலை நீட்டி நீட்டி மகளைப் பேசிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து நின்று, கைகளை மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, “மன்னிக்கணும் சார்” என்றாள். அவர் மேலும் பேசினார். “மன்னிக்கணும் சார்.” விமர்சகர் படியிலேயே நின்று எண்ணினார், பதினோரு தடவை. மேலே போய் அந்த மனிதரை இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் வேலைக்கு ஆபத்து. கீழே இறங்கி வந்துவிட்டார். பல்வலி தானாகவே போய்விட்டது. சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான், அடித்தாலும் சத்தம் வராது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிற பெண், இத்தனையையும் எங்கே போட்டு வைக்கிறாளோ என்று அவருக்கு உள்ளூரப் பயம் இருந்தது. டயர் கிடங்கில் அது எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது. பதினோரு மன்னிப்பும் ஒவ்வொன்றாக, வேரோடு, மண்ணோடு வெளியே வந்தன. தூணில் சாய்ந்து நின்ற அவருக்கு ரொம்ப வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த என்னவோ இறங்கிற்று.

ஆகவேதான் திங்கட்கிழமை வார்த்தை அகப்படவில்லை. டிரம்மரைப் பற்றி ‘மாடிப்படியில் பாத்திரக் கூடை உருண்டதுபோல்’ என்று சுலபமாக எழுதினார். கிதார்காரர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வசவுப் பூரான் விட்டார். மகளிடம் வந்ததும் பேனா நின்றது. திட்டுதான் இங்கே மாலை மரியாதை என்று அவரைவிட யாருக்குத் தெரியும். இருநூறு குழுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டிய கை. ஆனாலும் ‘அந்தப் பெண்ணின் தொண்டையில்’ என்று ஆரம்பித்தால் மேஜைமேல் அடுக்கி வைத்திருந்த அந்த இரண்டு கைகள் கண்முன் வந்து நின்றன. ஸ்டூலை வேகமாக ஆட்டிப் பார்த்தார். மத்தியானம் சாப்பிடாமல் ஆடினார். நாலு மணிக்கு ‘அலறும் பெண்ணின் குரல் இதமாக இருந்தது’ என்று எழுதிவிட்டு எழுந்தார். எழுதியது விஷம் என்று தெரியாமல் இல்லை. ஆசிரியர் எப்படியும் அடித்துவிட்டு வேறு போடுவார், திட்டின பாவமும் நமக்கில்லை, திட்டாத பாவமும் நமக்கில்லை என்று அவர் மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது.

ஆசிரியருக்கு அந்த வாரம் கண் ஆபரேஷன். கட்டோடு வீட்டில் படுத்திருந்தவருக்குத் தட்டச்சுக்காரர் மூன்று பத்திரிகைகளின் பக்கங்களையும் ஒரே மூச்சில் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். ‘இதமாக இருந்தது’ என்ற வரி வந்தபோது ஆசிரியர் சுத்த சுரம் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து, “பேஷ், போடு” என்றுவிட்டார்.

தகரம் வெளியான நாலாம் நாள் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒரு வாசகர் ஒன்றும் எழுதாமல் தலையணை ஒன்றை வரைந்து அனுப்பியிருந்தார். ‘கடவாய்ப்பல் விழுந்து பால் பல் முளைத்திருக்கிறது’ என்றது ஒரு தபாலட்டை. தேன்துளி வாசகி ஒருத்தி எப்படியோ கேள்விப்பட்டு, என் குழந்தை தூங்க மறுக்கிறது, அந்த இதமான பெண்ணின் ஒலிநாடா எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாள். அடுத்த ஞாயிறு டயர் கிடங்குக்குப் பத்துப் பேர் தலையணையோடு வந்து, மகள் அலறும்போது கொட்டாவி விட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஐம்பது பேர் பாயோடு வந்தார்கள். குழுவிலேயே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுபோய், டிரம்மர் “என்ன இதம், ஆரம்பிக்கலாமா?” என்று கேட்க ஆரம்பித்தான்.

விமர்சகர் ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்தத் தடவை விடவில்லை. மகளை மட்டும் தனியாக எடுத்து இரண்டு பக்கத்துக்குத் திட்டினார். அதுவரை தகரத்தில் வந்தவற்றிலேயே கொடூரமான இரண்டு பக்கம் அதுதான். எழுதி முடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அதற்கும் கடிதம் வந்தது. ‘போன மாதம் தாலாட்டு, இந்த மாதம் வசவு. தேளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன உறவு? மாமனா மச்சானா?’ அதையே வேறு வேறு கையெழுத்தில் அறுபது பேர் கேட்டிருந்தார்கள்.

கட்டு அவிழ்த்த கண்ணோடு வந்த ஆசிரியர் எல்லாவற்றையும் படித்தார். “யோவ், இனிமே தேள் அந்தக் குழு பக்கமே போகக்கூடாது. மொதல்ல தடவிக் குடுத்துட்டு அப்பறம் கொட்டினா அதுக்குப் பேரு விமர்சனமில்ல, குடும்பச் சண்ட.”

“நான் வேணா தேள விட்டுடுறேன். வேற ஆள எழுதச் சொல்லுங்க.”

“விட்டுட்டா? தேள் செத்துப்போச்சு, கடைசியாச் சொன்ன வார்த்த ‘இதம்’னு கல்வெட்டுல வெச்சிருவானுங்க. பேசாம போய் சோபால உக்காருய்யா.”

பேசாமல் போய் சோபாவில் உட்கார்ந்தார். அந்த வாரம் தேன்துளியில் ஒரு பாட்டுக்கு ஆறு நட்சத்திரம் விழுந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அலமாரிக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே போர்வைகளுக்கு நடுவில் மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கதவின் உள்பக்கத்தை அவர் அன்றுதான் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பழுப்புக் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. பல வருஷத்துத் தேள். வரிகளுக்குக் கீழே மையால் அடிக்கோடு. ஸ்டூல் ஆட்டத்தில் யோசிக்காமல் எழுதித் தள்ளியதற்கெல்லாம் அவள் ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: ‘மூச்சை எங்கே விடுவது?’ ‘கடைசி வரியில் அவசரப்படக் கூடாது.’ அவர் தரையில் உட்கார முயன்று, முழங்கால் ஒத்துழைக்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்த ஞாயித்துக்கிழம மட்டும் பாக்கலாம்னு டிரம்மர் சொல்லிட்டான்ப்பா. அப்பவும் பாயோட வந்தாங்கன்னா வேற ஆளப் போட்டுக்குவாங்க. ஆளும் பாத்துட்டாங்க. பிரஷர் குக்கர் மாதிரி கத்துவானாம்.”

கதவில் உரிந்திருந்த ஒரு துண்டின் முனையை அவர் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

“நீயும் விமர்சனம்தானப்பா எழுதற. நீ சொல்லு. ஒருத்தர் இதமா இருந்துச்சுன்னு எழுதினா என்ன அர்த்தம்?”

“சுத்த சுரத்துல எழுதினா...”

“தகரத்துல.”

“அவருக்கு நெசமாவே அப்படி இருந்திருக்கலாம்ல?”

மகள் கோபமில்லாமல், பல் வலிக்காரர்களுக்கு அடுத்த தேதி சொல்கிற குரலில் சொன்னாள்: “அப்ப நான் கத்தினது அவருக்குக் கேக்கவே இல்ல.”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இங்கே கொட்டுப்பட்டதே தேள்தான். கேட்டதம்மா, அந்தக் கிடங்கில் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று தொண்டைவரை வந்தது. வந்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. அப்பன் எழுதிக் கொடுத்த விமர்சனம் என்று ஊர் சிரிக்கும். அதுகூடப் போகட்டும், இந்தக் கதவில் ஒட்டியிருக்கிற அத்தனை துண்டுகளும் துண்டு தேடி வருகிற தொப்பைக்கார அப்பா எழுதியது என்று ஆகிவிடும். குழு போனால் அவளிடம் மிஞ்சப்போவது இந்தக் கதவு ஒன்றுதான்.

சமையலறையில் மனைவி கேட்டாள், “வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

“சொன்னா?”

“ரெண்டு நாள் அழுவா. நாலு நாள் திட்டுவா.”

“திட்டினாத்தான் பரவாயில்லயே. கைய மடிச்சு வெச்சுக்கிட்டு, மன்னிக்கணும்ப்பான்னு சொல்லிட்டான்னா?”

மனைவி மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முன்கூட்டியே போனார். எதற்காகப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் காரணம். வழியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் பாய் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடந்தார். கிடங்கு வாசலில் ஒருவன் தலையணை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே முந்நூறு பேர் இருப்பார்கள். அத்தனையும் கறுப்புச் சட்டை, அத்தனை பேர் கக்கத்திலும் பாயோ போர்வையோ. இரண்டு பேர் கொசுவலையே கொண்டுவந்து ஆணி தேடிக்கொண்டிருந்தார்கள். விமர்சகர் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே ஒரு பையன் பாய் விரித்துக்கொண்டு, “பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்குங்க, காலு நீட்டணும்” என்றான். நகர்ந்தார். நகர்ந்த இடத்திலும் ஒருவன் விரித்தான். அப்படியே நகர்ந்து நகர்ந்து தூணைவிட்டு வெகுதூரம், கூட்டத்தின் நடுவுக்கே வந்துவிட்டார்.

கிதார்கள் முனகின. டிரம்மர் குச்சிகளைத் தட்டினான். மகள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும், யாரோ விசில் கொடுத்தார்கள், முந்நூறு பேரும் ஒன்றாகப் படுத்தார்கள். விளையாட்டில் அவர்களுக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது. ஒருத்தர் கால் ஒருத்தர்மேல் படவில்லை. அங்கங்கே பொய்க் குறட்டை கிளம்பியது. பக்கத்தில் படுத்தவன் அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, “படுங்க, படுங்க” என்றான். அவர் படுக்கத்தான் பார்த்தார். அவருடைய முழங்காலுக்கு உட்காரவே ஒரு சுவரும் இரண்டு ஆட்களும் வேண்டும். குனிந்தார், பாதியில் நின்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அதில் தொப்பி விழுந்தது.

மேடையிலிருந்து பார்த்தால், தரை முழுக்கப் படுத்திருக்கிற மனிதர்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆள் நட்டுவைத்ததுபோல் நின்றிருந்தார். அவர் இடது கையில் சின்ன நோட்டுப் புத்தகம் விரிந்திருந்தது. வலது கையில் பேனா மூடி கழற்றித் தயாராக இருந்தது. இவ்வளவு வருஷப் பழக்கத்தில் இரண்டும் தானாகவே கைக்கு வந்திருந்தன. அவர் எடுத்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை.

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள், ஒல்லியாக இருப்பதாகக் கேள்விப்பட்ட தேளின் தொப்பையையும். நோட்டை மடக்கிப் பைக்குள் போட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது, விரல்கள் கேட்கவில்லை. சிரித்துவைக்கலாம் என்று தோன்றியது, முகம் எப்படி வந்ததோ தெரியவில்லை. டிரம்மர் இரண்டாம் முறை குச்சிகளைத் தட்டினான். அவள் திரும்பவில்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

அவள் ஒலிவாங்கியை அதன் கம்பியில் திரும்ப மாட்டினாள். மேடையின் விளிம்புவரை வெறுங்கையோடு நடந்து வந்து, அவருக்கு நேராக நின்றாள். மூச்சை இழுத்தாள். தோள்கள் உயர்ந்தன, கழுத்து நரம்பு விரல் கனத்துக்குப் புடைத்தது. முன்வரிசைத் தலையணைகளின் உறைகள் அவள் பக்கமாக லேசாக அசைந்தன. இழுத்துக்கொண்டே இருந்தாள். விமர்சகர் பேனாவைத் தாளில் வைத்தார்.